எட்டாம் வாரத்துக் கடிதம்

செங்கோட்டையன் செத்துவிடக் கூடாது என்று இந்த உலகத்தில் என்னைவிட அதிகம் கவலைப்பட்டவன் யாரும் இல்லை. அவன் பெற்ற மகன்கூட அவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டான். தினமும் காலை ஏழு மணிக்குப் போன் போட்டேன். மாத்திரை போட்டாயிற்றா, ஊசி எந்தத் தேதி, கால் வீக்கம் வடிந்ததா என்று விடாமல் கேட்டேன். வகுப்பு நடத்தும் யுவஸ்ரீ எல்லார் முன்னாலும் என்னை மெச்சினாள். துணை என்றால் வேலன் ஐயா மாதிரி இருக்க வேண்டும் என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பாள். எனக்குச் சிரிப்பை மறைக்க வேறு வழி தெரியவில்லை.

எனக்கு வயது அறுபத்தைந்து. அரசுப் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். சுந்தராபுரத்தில் சொந்த வீடு, மனைவி பொற்கொடி, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் பிரவின்குமார். போன வருஷம் இடுப்பு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். புராஸ்டேட்டில் புற்று, எலும்பு வரைக்கும் போய்விட்டது என்றார்கள். வேரோடு பிடுங்க முடியாது, ஊசி போட்டுப் போட்டுச் சில வருஷம் தள்ளலாம் என்றார் டாக்டர்.

மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. அது புற்றை அடக்கும், கூடவே ஆம்பளைக்குள் இருக்கிற ஆம்பளையையும் அடக்கிவிடும். மார்பு வீங்கியது. மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்திருக்கும்போதே திடீரென்று உடம்பு பற்றி எரிந்து வியர்த்துக் கொட்டியது. எல்லாம் அடங்கியும் கோபம் மட்டும் அடங்கவில்லை. ரசத்தில் உப்பு கூடிவிட்டது என்று பொற்கொடி இருந்த பக்கம் தட்டை வீசியெறிந்த அன்றுதான், மகன் ஆஸ்பத்திரியில் விசாரித்து இந்த வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டான்.

முற்றிய புராஸ்டேட் புற்று உள்ள ஆண்கள் மட்டும், ஆன்லைனில் ஒன்றுகூடி மன உளைச்சலைக் குறைத்துக்கொள்ளும் வகுப்பு. செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணி, மொத்தம் பத்து வாரம். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் ஆறு கிழவர்கள். வால்பாறை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த சாமுவேல், உக்கடத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் அப்துல் முத்தலிப், காரமடையிலிருந்து ஒருவர், மேட்டுப்பாளையத்திலிருந்து ஒருவர், அப்புறம் நான். ஆறாவது கட்டத்தில் நெற்றி மட்டும்தான் தெரிந்தது. யாரோ கேமராவைத் திருப்பிச் சரி செய்தார்கள். நெற்றிக்குக் கீழே முகம் வந்தது. செங்கோட்டையனின் முகம்.

நாற்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. கன்னம் தொங்கி, தலை வழுக்கையாகியிருந்தது. ஆனாலும் அந்தத் தாடையை நான் எங்கே பார்த்தாலும் சொல்லிவிடுவேன். கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்பு, நார் மில்லு, மகன் கிருபாசங்கர் பார்த்துக்கொள்கிறான் என்று தன்னைப் பற்றிச் சொன்னான். நான் என் கேமராவை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். முதல் நாள் பயம் போல என்று யுவஸ்ரீ, நிதானமாக மூச்சை இழுத்து விடச் சொன்னாள்.

அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவன் தோட்டத்தில் நான் பிறந்து வளர்ந்த இருபது வருஷத்தில் என் முகத்தை அவன் ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை. என் பெயர் வேலன் என்பதே அவனுக்குத் தெரியாது. சின்னான் மவன், அவ்வளவுதான்.

சின்னான் என் அப்பன். அந்த வருஷம் பங்குனி மாதம் அவருக்குத் திடீரென்று நீர் அடைத்துக்கொண்டது. ஒன்றரை நாள் ஒரு சொட்டு இறங்கவில்லை. வயிறு பானை போல் உப்பிவிட்டது. குடிசைக்குள் உருண்டு புரண்டு கத்தினார். பொள்ளாச்சி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் டியூப் போட்டு எடுத்துவிடுவார்கள் என்று ஊரில் கம்பவுண்டர் சொன்னார். ஊரில் ஒரே ஒரு கார். தோட்டத்து முதலாளியான பண்ணாடி வீட்டு அம்பாசடர். விடியற்காலையில் ஓடிப்போய் அவர்கள் வாசலுக்கு வெளியே நின்றேன். செங்கோட்டையன் அப்போது இருபத்தெட்டு வயதுப் பண்ணாடி. வேப்பங்குச்சியால் பல் தேய்த்துக்கொண்டே வந்தான். நான் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டான். "பாக்கலாம் போடா" என்றான்.

முடியாது என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே மாட்டு வண்டியைக் கட்டியிருப்போம். பார்க்கலாம் என்று சொன்னானே. பெரிய இடத்து வாயிலிருந்து பார்க்கலாம் என்று வந்தால் எங்களுக்கு அது பாதி வரம். கார் வரும் வரும் என்று உச்சிவெயில் வரைக்கும் காத்திருந்தோம். பிறகுதான் வண்டி கட்டினோம். தாமரைக்குளம் தாண்டுவதற்குள் அப்பனுடைய சத்தம் நின்றுபோயிற்று.

ஏன் காரை அனுப்பவில்லை என்பதற்கு எனக்குள் ஒரு காரணம் இருந்தது. அந்த வருஷம் தை மாதம், கூலி உயர்த்திக் கேட்டுத் தோட்டத்து ஆட்களெல்லாம் ஒன்றுசேர்ந்து போனபோது, முன்னால் நின்று பேசியது என் அப்பன். அதற்குத்தான் பழி தீர்த்துவிட்டான். நாற்பத்தைந்து வருஷம் நான் அப்படித்தான் நம்பினேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். பண்ணாடியே பயந்து பழிவாங்குகிற அளவுக்கு என் அப்பன் ஓர் ஆள்.

அதை அவன் வாயால் சொல்ல வைக்க வேண்டும். யார் காதில் விழக் கூடாது என்று அவன் நினைப்பானோ அவர்கள் காதில் விழச் சொல்ல வைக்க வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டாம். என் எலும்பிலும் புற்று, அவன் எலும்பிலும் புற்று. இரண்டில் ஒன்று முந்திக்கொள்வதற்குள் முடித்தாக வேண்டும். ஆனைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வரும் என்பார்கள். இந்தப் பூனைக்குக் காலம் ஆன்லைனில் வந்தது.

இரண்டாம் வாரம் யுவஸ்ரீ எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தாள். தினமும் போனில் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ள வேண்டும். யார் யாரோடு என்று கேட்டபோது நான் முந்திக்கொண்டு கிணத்துக்கடவு ஐயாவோடு நான் பேசுகிறேன் என்றேன். அன்று ராத்திரியே அவன் கூப்பிட்டான். எந்த ஊர், என்ன வேலை என்று சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில், எங்கள் பக்கம் யாரும் விடாத சாதிக் கேள்விக்கு வந்தான்.

"ஏனுங்க, நம்ம ஆளுகதானுங்களே?"

"நம்ம ஆளுகதானுங்க" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. அவன் தோட்டத்து ஆள்தானே நான்.

அதோடு அவனுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. சொந்த பந்தம் போல் எல்லாவற்றையும் கொட்ட ஆரம்பித்தான். ராத்திரி நாலு தடவை எழுந்து போவது, வேட்டி நனைவது, மருமகள் முன்னால் கூசுவது, மனைவி பழனாத்தாளைப் பக்கத்தில் படுக்க விடாமல் விரட்டுவது, எல்லாம். நான் உம் கொட்டினேன். நனையட்டும், நன்றாக நனையட்டும் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். எனக்கும்தான் வேட்டி நனைகிறது. அது வேறு விஷயம்.

நாலாம் வாரம் அவன் ஊசியை நிறுத்தப்போவதாகச் சொன்னான். ஆம்பளையாக இருந்து சாகிறேன், இப்படி அலியாகிப் பிழைக்க வேண்டாம் என்றான். கடிதம் எழுதும் பயிற்சி எட்டாம் வாரம் என்று யுவஸ்ரீ அட்டவணை அனுப்பியிருந்தாள். மனதில் தேங்கிக் கிடக்கிற கோபத்தைக் கடிதமாக எழுதி, விருப்பம் இருந்தால் குழுவில் படிக்கலாம். அதுவரைக்கும் இவன் இருக்க வேண்டுமே. இரண்டு நாள் திரும்பத் திரும்பப் போன் போட்டுக் கெஞ்சினேன். பேத்தி கல்யாணத்தைப் பார்க்க வேண்டாமா என்றேன். கடைசியில் ஊசி போட்டுக்கொண்டான். "கூடப் பொறந்தவன்கூட இப்பிடிச் சொல்ல மாட்டானுங்க" என்று போனிலேயே அழுதான். அன்றைக்கு எனக்கு இரண்டு தட்டுச் சோறு இறங்கியது.

பொற்கொடிக்கு மட்டும் எல்லாம் தெரியும். அவளுக்கு இது பிடிக்கவில்லை. "நோயில கெடக்கறவன நோயில கெடக்கறவன் குத்தறதாங்க? உட்டுத் தொலைங்க" என்றாள். நோய் வந்துவிட்டால் அயோக்கியன் யோக்கியனாகிவிடுவானா என்று கேட்டேன். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும் என்றேன். அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

வகுப்பில் நான்தான் முதல் மாணவன். உளைச்சல் எவ்வளவு என்று வாராவாரம் பத்துக்கு மார்க் போடச் சொல்வார்கள். ஒன்பதில் ஆரம்பித்த நான் ஏழாம் வாரத்தில் மூன்றுக்கு வந்துவிட்டேன். மூச்சுப் பயிற்சியின் பலன் என்று யுவஸ்ரீ பூரித்துப்போனாள். கண்ணை மூடி மனசுக்கு அமைதி தரும் ஒன்றை நினைக்கச் சொன்னால், சாமுவேல் வாத்தியார் வால்பாறை மழையை நினைப்பார். நான் செங்கோட்டையன் முகம் வெளுத்துப்போவதை நினைப்பேன். எனக்கு அதைவிட அமைதி தருவது எதுவும் இல்லை.

இன்னொன்றையும் கவனித்து வைத்திருந்தேன். ஆளில்லாத அறையில் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்பது வகுப்பின் விதி. செங்கோட்டையனுக்குக் காது மந்தம். மாட்டினால் அரிக்கிறது என்று சொல்லிவிட்டான். பேத்தி ரித்திகா அவனுக்காக லேப்டாப்பை ஹாலில் வைத்து, டிவியின் பெரிய ஸ்பீக்கரில் இணைத்துக் கொடுத்திருந்தாள். அவன் பேசும்போதெல்லாம் பின்னாலிருந்து குக்கர் விசில் கேட்கும், பழனாத்தாள் யாரையோ வெங்காயம் உரிக்கச் சொல்வது கேட்கும். அப்பாரு, கொஞ்சம் தள்ளி உட்காருங்க, முகம் தெரியலை என்று பேத்தி சொல்வாள். தாத்தாவை அவள் அப்பாரு என்றுதான் கூப்பிடுவாள். அந்தக் குரலைக் கேட்டால் கிழவன் குழைந்துபோவான். அந்த ஹாலுக்குத்தான் நான் கடிதம் எழுதினேன்.

எட்டாம் வாரம் காரமடைக்காரர் முதலில் படித்தார். தம்பியோடு பேச்சுவார்த்தை நின்றுபோன கதை. அடுத்து செங்கோட்டையன். கோபமெல்லாம் தனக்கு யார் மேலும் இல்லை, மன்னிப்புக் கேட்க வேண்டியது ஒன்று மட்டும் உண்டு என்றான். சொல்லிவிடுவானோ என்று ஒரு கணம் பயந்தேன். நானாகப் பிடுங்காமல் அவனாகக் கொடுத்துவிட்டால் எட்டு வாரமும் வீணாகிவிடுமே.

அவன் மன்னிப்புக் கேட்டது ஒரு காளையிடம். வீட்டிலேயே பிறந்து வளர்ந்த மயிலைக் காளை. கால் ஒடிந்ததும் கேரளாக்காரனுக்கு விற்றுவிட்டானாம். லாரியில் ஏற்றும்போது அது திரும்பிப் பார்த்ததாம். இன்றைக்கும் தூக்கம் வருவதில்லையாம். சொல்லிவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். சாமுவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்துல் முத்தலிப், அல்லா எல்லாவற்றையும் மன்னிப்பான் என்று ஆறுதல் சொன்னார்.

மாட்டுக்காக அழுகிறான். என் உடம்பு பற்றி எரிந்தது. அது ஊசியால் வருகிற சூடு இல்லை.

அடுத்தது என் முறை. பெயர் சொல்லாமல் படியுங்கள் ஐயா என்றாள் யுவஸ்ரீ. நான் காகிதத்தை எடுத்துப் படித்தேன்.

"கிணத்துக்கடவு செங்கோட்டையன் அவர்களுக்கு. உங்கள் தோட்டத்தில் முப்பது வருஷம் பாத்தி கட்டிய சின்னானின் மகன் வேலன் எழுதுவது. என் அப்பனுக்கு நீர் அடைத்து உயிர் போய்க்கொண்டிருந்தபோது உங்கள் வாசலில் வந்து நின்றேன். காரைக் கேட்டேன். பார்க்கலாம் என்றீர்கள். உங்கள் வார்த்தையை நம்பி அரை நாள் காத்திருந்தோம். இன்றைக்கு நமக்கு வந்திருக்கும் இந்த நோய்தான் அவருக்கும் இருந்திருக்கும் என்று என் டாக்டர் சொல்கிறார். நீங்கள் படும் வலியை அவர் ஒன்றரை நாளில் மொத்தமாகப் பட்டார். அவர் என்ன பட்டிருப்பார் என்று இப்போது உங்களைத் தவிர வேறு யாருக்கு நன்றாகத் தெரியும். ஏன் காரை அனுப்பவில்லை என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டார் எல்லாரும் கேட்கும்படி சொல்லுங்கள். நீங்கள் அதைச் சொல்லும்வரை உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் தினமும் காலையில் போன் போட்டேன்."

செங்கோட்டையன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, முதல் முறையாக என்னைப் பார்த்தான்.

"நீ சின்னான் மவனா" என்றான். எட்டு வாரமாகப் போட்ட மரியாதை ஒரு நொடியில் ஓடிப்போயிற்று. பிறகு அவனே சுதாரித்துக்கொண்டான். "எனக்கு ஒண்ணும் நெனப்பு இல்லீங்க. கார் அன்னைக்கி ரிப்பேராக் கெடந்திருக்கும். இல்லீனா அனுப்பாம இருப்பனுங்களா."

மெக்கானிக்கிடம் ரிப்பேர் என்கிறான். அந்தக் கார் ஓடும் சத்தத்தை அதற்கு முந்தின நாள் சாயங்காலம் நான் காதால் கேட்டவன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. பழனாத்தாள். ஆள் தெரியவில்லை, முந்தானை மட்டும் திரையின் ஓரத்தில் தெரிந்தது.

"கார் வாசல்லதானுங்க நின்னுச்சு. அது மேல வேட்டிய விரிச்சு நாந்தான் வடகம் காயப் போட்டிருந்தேன். பொழுதெறங்கி வடகத்த எடுக்கறப்பத்தான் சின்னான் போயிட்டான்னு வந்து சொன்னாங்க. நாப்பத்தஞ்சு வருசமா வடகம் போடறப்பெல்லாம் எனக்கு அந்த நெனப்புத்தானுங்க."

செங்கோட்டையன் திரும்பிப் பார்த்தான். மனைவியைச் சும்மா இரு என்று அதட்டுவான் என்று நினைத்தேன். அதட்டவில்லை. குக்கர் விசில் அடித்தது. யாரோ போய் அடுப்பை அணைத்தார்கள்.

"ஏன் அப்பாரு அனுப்பல?" என்றாள் ரித்திகா.

அவள் அதட்டவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல்தான். எனக்கு அவன் பதில் சொல்லியிருக்க மாட்டான். யுவஸ்ரீக்கும் சொல்லியிருக்க மாட்டான். பேத்திப் பக்கம் திரும்பி, காதுக்குள் சொல்வது போல் தணிந்த குரலில் சொன்னான். ஆனால் லேப்டாப்பின் மைக் அவன் முன்னால்தான் இருந்தது, எங்களுக்கும் கேட்டது.

"சீட்டு புதுசு கண்ணு. ரெக்சின் மாத்தி நாலு நாள்தான் ஆயிருந்துச்சு."

கூலிச் சண்டை இல்லை. பழி இல்லை. பயம் இல்லை. என் அப்பன் முன்னால் நின்று பேசியது அவனுக்கு ஞாபகத்தில்கூட இல்லை. மூத்திரம் பட்டுவிடும், அதுவும் எங்கள் ஆள் மூத்திரம் பட்டுவிடும் என்று சீட்டைக் காப்பாற்றியிருக்கிறான். நாற்பத்தைந்து வருஷமாக நான் ஒரு பகையை வளர்த்துவந்தேன். அவன் பக்கம் பகையே இருந்ததில்லை. பகை வைப்பதற்குக்கூட நாங்கள் அவனுக்கு ஆளாகத் தெரியவில்லை. அதை நினைத்தபோது அப்பன் மறுபடியும் ஒருதரம் செத்தது போல் இருந்தது.

செங்கோட்டையன் கும்பிட்டான். மன்னிச்சுக்குங்க என்றான். சாமுவேல் வாத்தியார் என் பெயரைச் சொல்லி ஏதோ ஆரம்பித்தார். வேலன் ஐயா, உங்களுக்கு இப்போது என்ன தோன்றுகிறது, அவர் மன்னிப்பை ஏற்றுக்கொள்ள முடிகிறதா என்று யுவஸ்ரீ மெதுவாகக் கேட்டாள். எல்லாக் கட்டங்களும் என்னையே பார்த்தன. அந்த ஓர முந்தானைக்குப் பக்கத்தில் ரித்திகாவின் சுடிதார் தெரிந்தது. அது மெல்ல நகர்ந்து கிழவனை விட்டுத் தள்ளிப்போனதைப் பார்த்தேன். அவனும் பார்த்தான்.

நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"ஏனுங்க, எனக்குச் சரியாக் கேக்கலீங்க" என்றேன். "எதுக்கு அனுப்பலைன்னு இன்னொருக்காச் சத்தமாச் சொல்லுங்க."

அவன் யுவஸ்ரீயைப் பார்த்தான். பேத்தி நின்ற பக்கம் பார்த்தான். யாரும் அவனுக்காகப் பேசவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, திரைக்கு நேராக, அந்த ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

முதல் தடவையே எனக்கு நன்றாகக் கேட்டிருந்தது.